இரவுச் சோறு நின்றது, பழையதும் போனது

நகரத்துக்கு வந்தவர்கள் கூச்சப்பட்டுத்தான் பழைய சோற்றை விட்டார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கூச்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அடுப்படியில் இருக்கிறது.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். ஊரில் இரவுக்கும் சோறு வடிப்பார்கள். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழையதும் நீராகாரமும் தயார். தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம், இல்லாவிட்டால் மோர் மிளகாய். சென்னையில் காலை ஏழு மணிக்கே மதியத்துக்கான சோற்றைக் குக்கரில் வைத்து டப்பாவில் அடைத்துவிடுகிறோம். இரவில் தோசையோ சப்பாத்தியோதான். அப்புறம் எங்கே சோறு மிஞ்சும்? 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்திலும் இரவுக்கு மூன்று ரூபாயில் 2 சப்பாத்தி கொடுத்தார்கள். உடலுழைப்பவர்களின் இரவுச் சாப்பாடுகூட மாறிவிட்டது.

குக்கர் வந்ததில் வடிகஞ்சியும் போய்விட்டது. உப்புப் போட்டுச் சூடாகக் குடிப்போம். அம்மா பருத்திச் சேலைக்கு அதைத்தான் போடுவார். அதோடு குக்கர் சோறு குழைவாக இருப்பதால், தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் கூழாகிவிடுகிறது. பழையதுக்கு வடித்த புழுங்கலரிசிச் சோறுதான் சரி.

இரவுத் தோசைக்குக் கடையில் வாங்கும் மாவுப் பாக்கெட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் பயணம் செய்து வீடு திரும்பும் பெண் மாவும் ஆட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு மட்டும் பானையில் சோறு வடிக்கிறோம். கஞ்சி வடிக்கிற வேலை என்னுடையது. திங்கள் காலை என் மகள் மாவடு ஜாடியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.