ஜல்லிக்கட்டுப் படங்களும் ஓவர்லே புழுதியும்

தை பிறந்துவிட்டால் என் டைம்லைன் முழுக்கக் காளைகள்தான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் படங்களாக வந்து கொட்டும். எனக்கும் பார்க்கப் பிடிக்கும். ஆனால் கொஞ்ச காலமாக அவற்றில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. புழுதி. காளையின் காலடியில் செக்கச்செவேலென்று கிளம்பி, வெயில் பட்டுத் தங்கமாக மின்னும் புழுதி.

அந்தக் களங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நார்க் கழிவைக் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். விழுகிற பையனுக்கும் மாட்டுக்கும் பலமாக அடிபடக் கூடாது என்பதற்காக. அதன்மேல் காளை பாய்ந்தால் பழுப்புத் துணுக்குகள் தெறிக்கும், நார் பறக்கும். செம்மண் மேகம் கிளம்பாது. பிறகு படத்தில் இருப்பது எங்கிருந்து வந்தது? நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஓவர்லே ஃபைலிலிருந்து, அதாவது படத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் ரெடிமேட் புழுதியிலிருந்து வந்தது. ஒரே மேகத்தை மூன்று பேர் மூன்று காளைகளுக்குப் போட்டிருந்ததையும் பார்த்தாயிற்று. ஒருவர் மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டு இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்.

உடனே "எடிட்டே கூடாதா?" என்று சண்டைக்கு வர வேண்டாம். ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலப் பதிவை, அப்படியே போட்டால் படம் வெளிறித்தான் இருக்கும். வாடிவாசலுக்குள் இருட்டு, வெளியே சுள்ளென்று வெயில், இரண்டையும் கேமரா ஒருசேரப் பிடிக்காது. நிழலைக் கொஞ்சம் தூக்கலாம், வெயிலைக் கொஞ்சம் இறக்கலாம், நிறத்தைச் சரிசெய்யலாம். கேலரியில் முன்னால் நிற்பவர் தலை ஓரத்தில் விழுந்திருந்தால் க்ராப் செய்யலாம். ஃபிலிம் காலத்திலும் இருட்டறையில் இதைத்தானே செய்தார்கள்? வெளிச்சத்தில் கை வைப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நடந்ததில் கை வைப்பதுதான் பிரச்சினை. வேறு வகைப் படங்களில் இந்தக் கோடு மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாணப் படத்தில் பொண்ணின் பருவை அழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆக்‌ஷன் படம் அப்படியில்லை. "இந்த நொடியில் இது நடந்தது" என்பதைத் தவிர அதற்கு வேறு மதிப்பே கிடையாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜல்லிக்கட்டு விதிப்படி ஒரு நேரத்தில் ஒருவர்தான் காளையை அணைய வேண்டும், அதுவும் திமிலை மட்டும். வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது. இரண்டு மூன்று பேர் ஒன்றாகத் தொற்றினால் மைக்கில் கத்துவார்கள், பிடி செல்லாது, மாடு ஜெயித்ததாக அறிவித்துவிடுவார்கள். ஆனால் நிஜத்தில் பாதி நேரம் மூன்று பேர் தொங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். படம் எடுப்பவருக்கு அது இடைஞ்சல். ஒரு காளை, ஒரு வீரன் என்றால்தானே கம்பீரம்! அதனால் மற்ற இருவரையும் அழித்துவிடுகிறார்கள். முன்பு பக்கத்து இடத்தை நகலெடுத்து மேலே பூசும் ஸ்டாம்ப் டூலை வைத்து மணிக்கணக்கில் தேய்க்க வேண்டியிருந்தது. இப்போது வட்டம் போட்டால் போதும், ஏஐ பார்த்துக்கொள்ளும். விளைவு என்ன? களத்தில் செல்லாது என்று சொல்லப்பட்ட பிடி, படத்தில் அப்பழுக்கற்ற வெற்றியாகிவிடுகிறது. இதை அழகுபடுத்துவது என்று எப்படிச் சொல்வது? ஆட்டத்தின் முடிவையே மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

காளையின் கண்ணைச் சிவப்பாக்குவது இன்னொரு கூத்து. எடிட்டிங் ஆப்பில் மேடுபள்ளங்களை அழுத்தமாகக் காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்து, தோலைக் கருங்கல் சிலை மாதிரி ஆக்கி, கண்ணில் ரத்தம் ஊற்றி, வாயில் எச்சில் இழையை நீட்டி, "எமன்டா" என்று கேப்ஷன் போடுகிறோம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டதும், 2017ல் மெரினாவில் கூட்டம் கூடியதும், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்றதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்குகளில் புகைப்படங்களும் முன்வைக்கப்பட்டன. மாடு துன்புறுகிறதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வியே. நம் கையாலேயே மாட்டை வெறிபிடித்ததாக, வதைபடுவதாக மாற்றிப் பரப்பிவிட்டு, அப்புறம் "எங்கள் மாட்டைப் பிள்ளை போல வளர்க்கிறோம்" என்று வாதாடுவது என்ன கணக்கு?

உலக அளவில் இதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. 2010ல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற சர்வதேசப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் ஸ்டெபான் ருதிக் என்பவரின் படத்தொகுப்புக்கு விளையாட்டுப் பிரிவில் மூன்றாம் பரிசு கிடைத்தது. கீவ் நகரத் தெருச்சண்டை பற்றிய தொகுப்பு. பிறகு அசல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்து, பரிசைப் பறித்துவிட்டார்கள். காரணம், கையில் துணி சுற்றும் படம் ஒன்றில் பின்னால் நிற்பவரின் பாதத் துணுக்கை அழித்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படம் அசலில் கலர், அதுவும் அகலமான சாதாரண ஃப்ரேம். அதை ஏகத்துக்கு க்ராப் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, பழைய ஃபிலிம் மாதிரி கிரெய்ன் புள்ளிகள் தூவி, ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். அதையெல்லாம் நடுவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், ஒரு பாதத்தை அழித்ததைப் பொறுக்கவில்லை. அது நியாயமா என்று அன்று பெரிய சண்டையே நடந்தது. என்னைக் கேட்டால் நடுவர்கள் செய்தது சரி, ஆனால் ஓரங்களை அவ்வளவு இருட்டாக்கியதை விட்டுக்கொடுத்தது தாராளம்தான். 2015ல் அதே போட்டியில், கடைசிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கு இதே காரணத்தால் வெளியேற்றப்பட்டது. விளையாட்டுத் தொகுப்புப் பிரிவில் மூன்றாம் பரிசு கொடுக்கவே ஆளில்லாமல் போனது.

நேர்மை ஒருபக்கம் இருக்கட்டும். படமாகவும் இவை தோற்றுப்போகின்றன, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஓடுகிறவரை பேனிங்கில் எடுத்த ஒரு நல்ல படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டரைக் குறைத்து, ஆள் போகும் வேகத்துக்குக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது. முகமும் மார்பும் தெளிவாக இருக்கும், வீசுகிற கை கலங்கியிருக்கும். தரையில் ஊன்றிய பாதத்தைப் பாருங்கள். அந்தக் கணத்தில் அது தரையோடு நிற்கிறது, அதனால் தரை எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறதோ அதே பக்கம் பாதமும் இழுபட்டிருக்கும். இப்போது போலிப் பேனிங்கைப் பாருங்கள். ஆளை மட்டும் வெட்டியெடுத்து, பின்னணிக்கு ப்ளர் கொடுத்திருப்பார்கள். தலை முதல் ஷூ லேஸ் வரை எல்லாம் கூர்மை, உடம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு வேறு. அவர் ஓடவில்லை, நிற்கிறார். பின்னால் திரைச்சீலைதான் ஓடுகிறது.

ஏஐ ஷார்ப்பனிங் இதற்கும் மேல். கலங்கிய படத்தைத் தெளிவாக்குகிறேன் என்று, இல்லாததை அதுவாகவே வரைந்துவிடும். திமிலைப் பிடித்த கையில் விரல்கள் ஒட்டிக்கொள்ளும். டி-சர்ட்டில் இருக்கும் எண் 8ஆ 3ஆ என்று தெரியாமல் நெளியும். பின்னால் இருக்கும் பேனரின் தமிழ் எழுத்துகள் எந்த மொழியிலும் சேராத கோலமாகிவிடும். போனில் தெரியாது, கொஞ்சம் பெரிதாக்கினால் மானம் போய்விடும்.

1910களில் லார்த்திக் என்ற பிரெஞ்சு இளைஞர் எடுத்த ரேஸ் கார் படம் ஒன்று புகைப்பட வரலாற்றில் பிரபலம். கார் சக்கரம் முட்டை வடிவத்தில் முன்பக்கம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்கும் ஜனங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அந்தக் காலத்து ஷட்டர் ஒரு சிறு இடைவெளியாக நகர்ந்து படத்தைப் பட்டை பட்டையாகப் பதிவுசெய்தது. அது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போவதற்குள் கார் நகர்ந்துவிட்டது, கேமராவும் திரும்பிவிட்டது. சுத்தமான தொழில்நுட்பக் கோளாறு. ஆனால் வேகம் என்றால் என்ன என்று அந்த ஒரு சக்கரம் காட்டுவது போல எந்தக் கூர்மையான படமும் காட்டியதில்லை. இன்றைக்கு நம் ஆட்கள் கையில் கிடைத்திருந்தால் முதலில் சக்கரத்தை வட்டமாக்கியிருப்பார்கள்.

இதில் உண்மையாக அடிவாங்குவது நேர்மையாக எடுப்பவர்தான். 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி தஹிதியில் நடந்தபோது, பிரேசில் வீரர் கேப்ரியல் மெதீனா அலைக்கு மேல் விரலை உயர்த்தி அந்தரத்தில் நிற்க, பக்கத்தில் பலகையும் அவரோடு செங்குத்தாக நின்ற படம் ஞாபகம் இருக்கிறதா? படகில் காத்திருந்து எடுத்தவர் ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஜெரோம் ப்ரூயே. அலை எங்கே உடையும், மெதீனா எந்த இடத்தில் எம்பி வெளியே வருவார் என்ற அனுபவக் கணிப்பில் கிடைத்த படம். என் நண்பர்கள் குழுவில் அதற்கு வந்த முதல் கேள்வி "போட்டோஷாப்பா?" அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாம் பழக்கிவிட்ட கண் அது.

கடைசியாக, நம் ஊரில் போட்டி நடத்தும் கேமரா கிளப் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரா ஃபைலோடு முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் கேட்டு வாங்குங்கள். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவைத்தான் பலரும் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறோம், ஆக்‌ஷனை எல்லோரும் பர்ஸ்ட்டில், அதாவது தொடர்ச்சியாகப் பல படங்களாகத்தான் எடுக்கிறோம், அதனால் இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது. முன் ஃப்ரேமில் காளையோடு மூன்று பேர், பின் ஃப்ரேமிலும் மூன்று பேர், பரிசுக்கு வந்த படத்தில் மட்டும் ஒருவர் என்றால், மற்ற இருவரும் அந்த இடைவெளியில் எங்கே போய்விட்டு வந்தார்கள் என்று எடுத்தவரே மேடையேறி விளக்கட்டும்.