கப்பலைக் கடத்தியதோடு ராபர்ட் ஸ்மால்ஸ் கதை முடியவில்லை

அமெரிக்க வரலாற்றில் ஆர்வம் உள்ள பலருக்கும் ராபர்ட் ஸ்மால்ஸ் பெயர் தெரியாது. தெரிந்தவர்களும் கப்பல் கதையைச் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு எரிச்சலே அதில்தான்.

சரி, முதலில் கப்பல். 1862 மே 13 விடியற்காலை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம். உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஸ்மால்ஸுக்கு 23 வயது, அடிமை, பிரிந்துபோன தென்மாநிலங்களின் ராணுவத்துக்காக ஓடிய 'பிளான்ட்டர்' என்ற நீராவிக் கப்பலை ஓட்டுபவர். வெள்ளை அதிகாரிகள் மூன்று பேரும் அன்றிரவு கரையில் தங்கிவிட்டார்கள் (உத்தரவுப்படி கப்பலை விட்டு இறங்கவே கூடாது). அவ்வளவுதான், கப்பலைக் கிளப்பி, வேறொரு துறையில் ஒளிந்திருந்த மனைவி ஹன்னாவையும் பிள்ளைகளையும் மற்றக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு, கேப்டனின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு அவரைப் போலவே நின்று, கோட்டைகளுக்குச் சரியான ஊதல் சமிக்ஞை கொடுத்து, துறைமுக வாயிலில் இருந்த சம்டர் கோட்டையையும் தாண்டிவிட்டார். பீரங்கி எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கி வெள்ளைப் படுக்கைவிரிப்பை ஏற்றி, தென்மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அதற்கு முன்பு ஹன்னாவையும் மகளையும் அவர்களுடைய முதலாளியிடமிருந்து 800 டாலருக்கு விலைக்கு வாங்கத்தான் காசு சேர்த்துக்கொண்டிருந்தாராம்.

பிரமாதமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இறந்தது 1915இல். நடுவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் என்ன செய்தார் என்று யாராவது கேட்க வேண்டாமா?

அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த மாநிலம் அது. ஸ்மால்ஸ் எழுதப் படிக்கக் கற்றது விடுதலைக்குப் பிறகுதான். அப்படிப்பட்டவர் 1868இல் மாநில அரசியல் சட்ட மாநாட்டில் உட்கார்ந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டும் என்று போராடினார். சொந்த ஊரான பியூஃபோர்ட்டில், தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டையே வரி ஏலத்தில் வாங்கிக் குடியேறினார். அப்புறம் ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்.

எனக்கு மிகவும் பிடித்த ஸ்மால்ஸ் 1895இல்தான் வருகிறார். கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிப்பதற்கென்றே தென் கரோலினாவில் இன்னொரு அரசியல் சட்ட மாநாடு கூட்டினார்கள். 160 பேரில் ஆறு பேர்தான் கறுப்பர், அதில் இவர் ஒருவர். இனக்கலப்புத் திருமணத்துக்குத் தடை என்று அங்கே தீர்மானம் வந்தபோது எழுந்து ஒரு திருத்தம் கொடுத்தார்: தடை போடுங்கள், கூடவே கறுப்பினப் பெண்ணோடு வாழும் எந்த வெள்ளையரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது என்றும் போடுங்கள், பிறக்கும் குழந்தைக்குத் தகப்பன் பெயர் கிடைக்கட்டும். சபையில் எத்தனை பேருக்கு வியர்த்திருக்கும்! திருத்தத்தைத் தோற்கடித்துவிட்டார்கள்.

கடைசியில் மாநாடு எழுதிய அந்த அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். போடாதவர்களுக்குப் பயணப்படி கிடையாது என்று பேச்சு வந்ததும், இதில் கையெழுத்துப் போடுவதைவிட ஊருக்கு நடந்தே போவேன் என்றார். மாநாடு நடந்த மாநிலத் தலைநகர் கொலம்பியாவிலிருந்து பியூஃபோர்ட் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

2023இல் அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு இவர் பெயர் வைத்தது. சந்தோஷம். அங்கேயும் கப்பல்தான். பள்ளிக்கூடங்களுக்குச் சண்டை போட்ட மனிதரை, வாக்குரிமைக்காக அந்தச் சபையில் ஆறு பேரில் ஒருவராகக் குரல் கொடுத்த கிழவரை, துணிச்சலான கப்பலோட்டி என்று சுருக்கிச் சொல்வது வசதியாக இருக்கிறது. கடத்தல் கதையில் வில்லன்கள் போரில் தோற்றுப்போகிறார்கள். 1895இல் ஜெயித்தவர்கள் அவர்கள்தான், அந்த அரசியல் சட்டம், பல திருத்தங்களோடு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.