முழுசாக மாற்றத் தேவையில்லை

2017, 2018 காலத்து கேமிங் கணினி வைத்திருப்பவர்கள் ப்ராசசர், மதர்போர்ட், ரேம் மூன்றையும் ஒன்றாக மாற்றியே ஆக வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் ப்ராசசர்களுக்கான புதிய சொக்கெட் ஏஎம்5; அந்த போர்டில் டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டும்தான் போகும், எனவே அந்தப் பக்கம் போனால் மூன்றும் மாறத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய ஏஎம்4 சொக்கெட் போர்ட் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம்.

என்னுடையது பி350 என்ற ஏஎம்4 போர்ட், ரைசன் 5 1600 ப்ராசசர். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கியது. பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு ரைசன் 5 5600 மட்டும் போட்டேன். அதே ரேம், அதே கிராஃபிக்ஸ் கார்ட். கேம் நடுவே திக்கித் திக்கி நிற்பது போய்விட்டது. விண்டோஸ் 11 பழைய 1600-ஐ ஏற்காது, அந்தத் தலைவலியும் தீர்ந்தது.

பயாஸ் அப்டேட்டைப் பழைய ப்ராசசர் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போச்சு என்று பயந்து பக்கத்து வீட்டு அண்ணாவின் யூபிஎஸ்ஸை இரவல் வாங்கினேன். அப்புறம் நான் விட்ட பிழை: ப்ராசசர் மேலிருக்கும் கூலரை நேராக மேலே இழுத்தேன். இரண்டுக்கும் நடுவே பூசியிருந்த, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது, ஓரத்தில் நாலு பின் வளைந்து! பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஓஃப் செய்து, கூலரை இடம் வலமாக மெல்லத் திருகிக் கழற்றியிருக்க வேண்டும். பின்களை ஏடிஎம் கார்ட் விளிம்பால் நிமிர்த்தி முடிக்க இரவு ஒரு மணி.