அந்த ஐஸ் வாளிக் கதையை இனி என்னிடம் சொல்லாதீர்கள்

ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ தலையில் ஐஸ் வாளியைத் தொப்பி போலக் கவிழ்த்துக்கொண்டு கேமரா முன் வந்து நின்ற கதையை யாராவது சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினால் எனக்கு வயிறு எரிகிறது. அவர் நடித்த ‘தி ஐலண்ட் ஆஃப் டாக்டர் மோரோ’ என்ற ஹாலிவுட் படத்தின் படப்பிடிப்பில் நடந்த சண்டைகளைச் சினிமாக்காரர்களான நாமே இத்தனை ஆண்டுகளாகத் துணுக்குச் செய்தி போலப் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சண்டை முடியட்டும் என்று மிருக மனிதர் வேடத்தில், முகம் முழுக்க ரப்பர் தோலை ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1896இல் வெளியிட்ட அதே பெயருள்ள நாவலைப் படமாக்க இயக்குநர் ரிச்சர்ட் ஸ்டான்லி நான்கு ஆண்டுகள் அலைந்தார். 1995இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்கு அருகே படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே படத்தைத் தயாரித்த நியூ லைன் நிறுவனம் அவரை நீக்கிவிட்டது. நடிகர் வால் கில்மரோடு ஒத்துப்போகவில்லை என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெரிய நடிகரைத் தொட முடியாது, ஆகவே கைக்கு எட்டியவர் தலையில் கை வைத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன். கதாநாயகனாக ஒப்பந்தமாகியிருந்த ராப் மாரோ விலகிக்கொள்ள, டேவிட் தியூலிஸ் வந்தார். புதிய இயக்குநராக வந்த ஜான் பிராங்கன்ஹைமருக்கும் கில்மருக்கும் கடைசி நாள் வரை ஆகவில்லை. வசனத்தை மனப்பாடம் செய்யாத பிராண்டோவுக்குக் காதுக்கருவி வழியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கில்மர் வரட்டும் என்று பிராண்டோவும், பிராண்டோ வரட்டும் என்று கில்மரும் கேரவனுக்குள்ளேயே இருந்ததை அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் மனம் நொந்து சொல்லியிருக்கிறார்கள்.

பிராண்டோ அந்த ஆண்டுதான் மகளைப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்தவன் உழைப்பைக் காலில் போட்டு மிதிக்கும் உரிமையைத் துயரம் யாருக்கும் கொடுப்பதில்லை. நீக்கப்பட்ட ஸ்டான்லி நாய் முகமூடி அணிந்து கூட்டத்தோடு கூட்டமாகத் தன் படத்திலேயே வந்து நின்றதைக்கூட நகைச்சுவையாகச் சொல்கிறார்கள். தான் கனவு கண்ட படத்தைப் பார்க்க ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். சென்னைக்கு வெளியே ஒரு படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்தபோது இதையே நான் கண்ணால் பார்த்தேன். ஒரே ஒரு வசனத்தை வெட்டுவதா வேண்டாமா என்று கதாநாயகனுக்கும் இயக்குநருக்கும் தகராறு. காலை ஆறு மணிக்கு கால்ஷீட். நண்பகல் தாண்டியும் கேரவன் கதவு திறக்கவில்லை. திருவிழாக் காட்சிக்காக வந்திருந்த துணை நடிகர்கள் நிழல்கூட இல்லாத பொட்டலில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் வேடம் போட்டிருந்த ஒரு பெரியவருக்கு ஒட்டுத்தாடியின் ஓரம் வியர்வையில் பிய்ந்து தொங்கியது. மேக்கப் கலைந்தால் திட்டு விழும் என்ற பயத்தில் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். “தம்பி, இன்னிக்கு ஷாட் உண்டா? பேத்தியைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரணும்” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் நான் கேரவனைப் பார்த்தேனே தவிர, பதில் சொல்ல முடியவில்லை.

மாலை நான்கரை மணிக்கு பேக்கப் சொன்னார்கள். தாடியைக் கழற்றியபோது அவருடைய கன்னத்துத் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. ஷாட்டே எடுக்கவில்லையே என்று காரணம் சொல்லி, அவருக்குப் பாதி பேட்டாவைத்தான் கொடுத்தார்கள். அந்த வவுச்சரில் அவரிடம் கையெழுத்து வாங்கியது நான்தான்.