தியாகம் என்ற சொல் இங்கே பொருந்தாது

சென்ற ஐப்பசி மழையின்போது ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில், மட்கிக் கிடந்த சில்வர் ஓக் மரத்தின் மேல் மஞ்சள் கூழ் போல ஒன்று படர்ந்திருந்தது. மறுநாள் காலையில் அது ஒரு சாண் தள்ளி நகர்ந்திருந்தது. பெயரில் பூஞ்சை இருந்தாலும் பூஞ்சையல்லாத சளிப்பூஞ்சை அது. அவ்வளவு பெரிய பரப்பும், பல உட்கருக்களைக் கொண்ட ஒரே செல்.

நான் எழுத வந்தது அதன் உறவினமான டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்ற ஒருசெல் உயிரியைப் பற்றி. அமெரிக்காவின் வட கரோலினாக் காட்டுச் சருகில் கிடைத்த இதனை 1935-இல் நுண்ணுயிரியலாளர் கென்னத் ரேப்பர் விவரித்தார். பாக்டீரியாவைத் தின்று தனித்தனியே திரியும் இந்தச் செல்கள், இரை தீர்ந்ததும் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அலையலையாக வெளியிடுகின்றன. அதை உணர்ந்த அண்டைச் செல்கள் தாமும் அதையே வெளியிட்டபடி அலை வந்த திசை நோக்கி ஊர்கின்றன. இப்படி ஒரு லட்சம் செல்கள் வரை கூடி, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள நத்தை போன்ற உடலாகி, வெளிச்சத்தை நோக்கி நகர்கின்றன. கடைசியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்கள் காம்பாக இறுகி மடிய, மற்றவை அதன் உச்சியில் வித்துகளாகின்றன.

இதைத் தியாகம் என்றுதான் சேலத்தில் நானும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் சொன்னேன். அது பிழை என்றே இப்போது உறுதியாகக் கருதுகிறேன். பட்டினி தொடங்கும் வேளையில் குறைவாக உண்டிருந்த செல்களே காம்பாகும் வாய்ப்பு கூடுதல். இறக்க முன்வருவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வெவ்வேறு மரபுவழிச் செல்கள் கலந்துவிட்டால், காம்பில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு வித்தில் கூடுதல் இடம் பிடிக்கும் ஏமாற்றுச் செல்களும் உண்டு. அதனால்தான் செல்லின் மேற்பரப்பிலுள்ள இரண்டு புரதங்களின் பொருத்தத்தைக் கொண்டு, பங்காளி யார், அயலான் யார் என்று அவை பிரித்தறிகின்றன. காம்பாகி மடியும் செல்லின் மரபணுக்கள், அதன் பங்காளிகளான வித்துகளுக்குள்ளும் இருக்கின்றன. இந்தக் கணக்கைச் சொல்லாமல் தியாகம் என்று மட்டும் சொன்னால், ஏமாற்றுக்காரன் எப்படி வந்தான் என்று ஒரு மாணவி கேட்கும்போது ஆசிரியரிடம் பதில் இருக்காது.

கூட்டுறவை நான் சிறுமைப்படுத்தவில்லை. இத்தனை இழுபறிக்கு நடுவிலும், சருகின் ஈரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அந்தக் காம்பு எழுந்து, அவ்வழியே ஊரும் பூச்சியின் உடலில் வித்துகள் ஒட்டுமாறு அவற்றை ஏந்தி நிற்கிறது.