மடைக்குள் வந்து அடைந்த செம்மண்

மதுரை அழகர்கோவில் ரோட்டில் அப்பன் திருப்பதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. கண்மாய் பெருகிவிட்டது என்ற சந்தோஷத்தில் மடையைத் திறந்தால் தண்ணீர் சிறுவிரல் கனத்துக்குத்தான் வந்தது. பெரியப்பா சவுக்குக் கம்பை உள்ளே விட்டுக் குத்திப் பார்த்தார். உருவியபோது முழங்கை நீளத்துக்குக் கம்பில் சேறு அப்பியிருந்தது. அதை இரண்டு விரலால் வழித்து என்னிடம் காட்டினார். எங்கள் கண்மாய்க் கரம்பை கறுப்பு. இது நல்ல சிவப்பு. "இது நம்ம கண்மாய் மண் இல்லப்பா, வடக்க இருந்து வந்தது" என்றார்.

வடக்கே, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற ஓடைக்கு மேல் மேட்டில் எட்டு ஏக்கர் பிளாட் போட்டிருக்கிறார்கள். சித்திரையில் ஜேசிபி வந்தது. ஆவாரஞ்செடி, கோரைப்புல், வரப்பு என்று எதையும் விடாமல் ஒரே வாரத்தில் வழித்து எடுத்துவிட்டுக் கல் ஊன்றினார்கள். அதன்பிறகு ஆறு மாதம் அந்த நிலம் வெறும் மேனியாகக் கிடந்தது. ஒரு பிளாட்டில்கூட வீடு எழும்பவில்லை. அந்த நிலையில்தான் ஐப்பசி மழை அதன் மேல் விழுந்தது.

பிளாட்டே போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே கடச்சனேந்தலில் லேஅவுட்டில் இடம் வாங்கி வீடு கட்டியவன். எல்லாருக்கும் வீடு வேண்டும். ஆனால் எட்டு ஏக்கரையும் ஒரே மூச்சில் வழித்து, மழைக்காலத்தில் அப்படியே போட்டு வைப்பது என்ன நியாயம்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மண் கரைந்தால் 40 கன மீட்டர். நம்ம லாரிக் கணக்கில், அதாவது நூறு கன அடி ஒரு யூனிட் என்றால், சுமார் 14 யூனிட். எட்டு ஏக்கருக்கு நூறு யூனிட்டுக்கு மேல். ஒரு சென்டிமீட்டர் போனால் பார்க்கிற கண்ணுக்குத் தெரியவே தெரியாது, நட்ட கல்லும் அப்படியேதான் நிற்கும். புல் இருந்தால் மழைத்துளி இலையில் பட்டு வேகம் குறைந்து இறங்கும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். புல் இல்லாத தரையில் துளி நேராக மண்ணை அடித்துச் சிதறடிக்கிறது. நைசான மண்தான் முதலில் கலங்கி ஓடும். அது தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் படியும். எங்களுக்கு அந்த இடம் கண்மாயும் மடையும்.

அந்த லேஅவுட்டின் அனுமதி ஆணையை வாங்கிப் படித்தேன். சாலை அகலம் இருக்கிறது, பூங்காவுக்கு 10 சதவீத இடம் இருக்கிறது, சாலைகளைத் தானப் பத்திரம் போட்டு ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வேலை நடக்கும்போது மண் எங்கே போகும் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பது மத்திய அரசின் 2006 அறிவிக்கை. ஆனால் அதில் கட்டுமானம் என்றால் 20,000 சதுர மீட்டர், இடப்பரப்பு என்றால் 50 ஹெக்டேர், அதாவது 123 ஏக்கர் இருந்தால்தான் கணக்கில் வரும். நம் பக்கத்தில் போடுவதெல்லாம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர். ஒன்றும் மாட்டாது.

என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறான். அங்கே 1973இலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு ஏக்கருக்கு மேல் மண்ணைக் கிளறினால், வேலை தொடங்க 30 நாளுக்கு முன்பே மண் அரிக்காமல் எப்படிக் காப்பாய் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு கட்டுகிற இடத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கும், போட்டோ அனுப்பினான். தண்ணீர் கசிந்து போகும், மண் நின்றுவிடும்.

அந்தத் துணிதான் வேண்டும் என்றில்லை. பள்ளமான ஓரத்தில் பத்தடி அகலத்துக்குப் புல்லை வழிக்காமல் விடலாம். அதை ஒட்டி வெட்டிவேர் இரண்டு வரிசை வைக்கலாம். ஓடையில் தண்ணீர் இறங்கும் மூலையில் ஒரு வண்டல் குழி தோண்டினால் அங்கேயே படிந்துவிடும், பிறகு அள்ளிக்கொள்ளலாம். முக்கியமாக, புரட்டாசிக்கு மேல் வழிக்கக்கூடாது. வழித்த நிலத்தில் அதற்குள் புல்லாவது சணப்பாவது விதைத்து மூட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு பிளாட் விற்கிற காசில் எவ்வளவு ஆகிவிடும்?

2024 அக்டோபர் 25இல் மதுரை செல்லூரில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது பந்தல்குடி கால்வாயின் ஆக்கிரமிப்பைப் பற்றி எல்லாரும் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் கால்வாயும் கண்மாயும் மேடாகிப் போவதற்கு மேலே இருந்து வருகிற மண்ணும் காரணம். அரசு காசு செலவழித்துத் தூர்வாருகிறது, அடுத்த மழையில் யாரோ வழித்துப் போட்ட மண் வந்து படுத்துக்கொள்கிறது.

நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்தாலும் லேஅவுட்டுக்குக் கடைசி அனுமதி உள்ளாட்சி கையில்தான் இருக்கிறது. அங்கேதான் இந்த நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். கூடவே ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்கி, ஒரு பருவமழை கழித்து ஓடையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். ரோட்டை வெட்டிக் குழாய் பதிக்க முன்பணம் கட்டச் சொல்கிறோமே, அது மாதிரிதான்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். பெரியப்பா அந்தச் செம்மண்ணை ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார், கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர்கள், உங்கள் மடையிலும் ஒரு தடவை கம்பை விட்டுப் பாருங்கள். மண் என்ன நிறத்தில் வருகிறது என்று கமெண்டில் எழுதுங்கள்.