ஒரு டப்பா மாத்திரைக்கு ஒன்பது போன்

போன வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆடரால் என்ற மருந்து இருக்கிறதா என்று கேட்டு ஒன்பது பார்மசிகளுக்குப் போன் செய்தேன். நான்கு கடைகளில், “அந்த மாதிரி மருந்து ஸ்டாக் இருக்கிறதா என்று போனில் சொல்வதில்லை” என்றார்கள். திருட்டுப் பயம், புரிகிறது. மூன்று கடைகளில் இல்லை. ஒரு கடையில் பத்து நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டு லைனைத் துண்டித்துவிட்டார்கள். ஒன்பதாவது கடை நான் இருக்கும் நியூ ஜெர்சி ஊரிலிருந்து காரில் 40 நிமிடம். “20 மில்லிகிராம் இல்லை, 10 மில்லிகிராம் இருக்கிறது. சாயங்காலம் வரை இருக்குமா என்று சொல்ல முடியாது” என்றார் அந்த மனிதர். அவர் சொன்ன தொனியில் கொஞ்சம் இரக்கம் இருந்தது, அதற்கே கண் கலங்கிவிட்டது எனக்கு.

எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்த முடியாத கோளாறு. 36 வயதில்தான் தெரிந்தது. தினமும் காலையில் ஆடரால் எக்ஸ்ஆர் (மெதுவாக வேலை செய்யும் வகை) 20 மில்லிகிராம் ஒரு கேப்ஸ்யூல். அதைப் போட்டால் நான் மேதையாகிவிடுவதில்லை. அடுப்பில் பால் வைத்தால், பால் வைத்தது ஞாபகம் இருக்கும். அவ்வளவுதான். ஒரு வேலையை, முக்கியமாக ஒரு போன் காலை, நாள் கணக்கில் தள்ளிப்போடுவது என் வியாதியின் முதல் அடையாளம். மருந்து தீரும் நேரம் பார்த்து என்னிடம் கேட்கப்படுவது ஒன்பது போன்.

சரி, 10 மில்லியை இரண்டிரண்டாக வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். டாக்டர் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். பழைய சீட்டை ரத்து செய்து புதுச்சீட்டு அனுப்ப வேண்டும். இங்கே இது இரண்டாம் அட்டவணை மருந்து, அதாவது போதைப் பழக்கமாகலாம் என்று கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது, ஒரே சீட்டில் மறுபடி மறுபடி வாங்க முடியாது, ஒவ்வொரு தடவையும் புதுச்சீட்டு. மறுநாள் சீட்டு போனது. இன்சூரன்ஸ் மறுத்தது: மாதத்துக்கு 30 கேப்ஸ்யூல்தான் கணக்கு, 60 என்றால் முன் அனுமதி வேண்டுமாம். மொத்த மில்லிகிராம் ஒன்றுதானே என்று கேட்டேன். கம்ப்யூட்டர் எண்ணிக்கையைத்தான் பார்க்கும் என்றார்கள். அனுமதி திங்கட்கிழமை வந்தது. ஸ்டாக் சனிக்கிழமையே தீர்ந்துவிட்டது.

இந்தக் கூத்து ஆரம்பித்தது 2022-இல். அந்த வருடம் அக்டோபர் 12 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ, ஆடரால் தட்டுப்பாட்டை அதிகாரபூர்வமாக அறிவித்தது. அதைத் தயாரிக்கும் டேவா நிறுவனத்தில் தயாரிப்புத் தாமதம் என்றது. அப்போது எல்லோரும் இரண்டு குற்றவாளிகளைக் காட்டினார்கள். ஒன்று, எவ்வளவு தயாரிக்கலாம் என்று வருடாவருடம் அளவு விதிக்கும் டிஈஏ என்ற போதைப்பொருள் தடுப்புத் துறை. இன்னொன்று, கொரோனா காலத்தில் வீடியோவில் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கிய எங்களைப் போன்றவர்கள். ஆனால் 2023 ஆகஸ்ட் 1 அன்று எஃப்டிஏவும் டிஈஏவும் சேர்ந்து ஒரு கடிதம் வெளியிட்டன. ஆடரால் சேர்ந்த ஆம்பெட்டமின் வகை மருந்துகளில், அனுமதித்த அளவில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் கம்பெனிகள் 2022-இல் விற்றிருக்கின்றன, இன்னும் 100 கோடி டோஸ் தயாரித்திருக்கலாம் என்றது அந்தக் கடிதம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கம்பெனிக்கு ஒதுக்கிய அளவு தீர்ந்து போகிறது, இன்னொரு கம்பெனியிடம் மிச்சம் கிடக்கிறது. ஒதுக்கியது யார்? அதே டிஈஏதான். கடிதம் எழுதியவர்களே அந்தக் கணக்கை வருடத்தின் நடுவில் திருப்பிப் பார்த்திருக்கலாமே!

அம்மாவிடம் சொன்னேன். “இதுக்கா அழறே? பருப்புப் பொடியோட சேத்து நான் அனுப்பி வைக்கிறேண்டி” என்றாள். இந்தியாவில் ஆடரால் விற்பனைக்கே கிடையாது, இந்த மாதிரி மருந்தை பார்சலில் அனுப்பினால் வம்பு என்று விளக்கினேன். இதே கோளாறுக்கு அங்கே இருக்கிற மெத்தில்பெனிடேட் என்ற மருந்தும் ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், அதற்குத் தனி லைசென்ஸ் உள்ள கடையாக இருக்க வேண்டும். சென்னையில் என் அத்தை மகனும் கடை கடையாகத்தான் அலைகிறான். “சின்ன வயசுல மாத்திரை இல்லாமத்தானே படிச்சே?” என்று கேட்டாள் அம்மா. படித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் அம்மா, அதனால் படித்தேன்.

எனக்குள்ள கோபம் மருந்து குறைவதில் பாதி, அதைத் தேடும் வேலை முழுவதையும் நோயாளி தலையில் கட்டுவதில் பாதி. ஒரு கடையில் இல்லையென்றால் சீட்டை அடுத்த கடைக்கு அவர்களே மாற்றிவிடக் கூடாதா? மாற்றலாம். 2023 ஆகஸ்ட் 28 முதல், நோயாளி கேட்டால் இந்த வகை மின்சீட்டையும் ஒருமுறை வேறு கடைக்கு அனுப்பலாம் என்று டிஈஏவே விதியைத் திருத்தியது. நான் இதைச் சொன்ன கடையில் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எங்கள் சிஸ்டத்தில் அந்த வசதி இல்லை” என்றார். பின்னால் நின்றவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். போதை மருந்துக்குச் சண்டை போடுகிறவளைப் பார்க்கும் பார்வை அது.

ஆன்லைனில் தேடிப்பார் என்று ஒரு தோழி சொன்னாள். தயவு செய்து வேண்டாம். ஆடரால் என்ற பெயரில் வெளியில் விற்கும் போலி மாத்திரைகளில் ‘ஃபென்டனில்’ என்ற, உயிரைப் பறிக்கக்கூடிய போதை மருந்து இருந்திருக்கிறது. 2024 ஜூனில் ஆன்லைனில் வைத்தியம் பார்க்கும் ஒரு டெலிஹெல்த் கம்பெனியின் தலைவர்கள் கைதானபோது, 30,000 முதல் 50,000 நோயாளிகள் வரை மருந்து இல்லாமல் தவிக்கலாம், வெளியில் வாங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி எச்சரித்தது. அதே மாதிரி, நண்பர் டப்பாவிலிருந்து இரண்டு வாங்கிக்கொள்வதும் இங்கே குற்றம். அதையும் தெரியாமல் செய்கிறார்கள் நம் ஆட்கள்.

நான் செய்வது இது. டப்பாவில் பத்து கேப்ஸ்யூல் மிச்சமிருக்கும்போதே டாக்டருக்குச் செய்தி போடுகிறேன். எந்தக் கடைக்கு என்று லாரி வரும் என்று கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன், பெரிய சங்கிலிக் கடையைவிடத் தனிக் கடைக்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். வேலை இல்லாத ஞாயிறுகளில் போடாமல் விடுகிறேன், டாக்டரிடம் கேட்ட பிறகுதான். எல்லோருக்கும் அது ஒத்துவராது. மேனேஜரிடம் காரணம் சொல்லவில்லை, மருந்து இல்லாத வாரத்தில் மீட்டிங்கை மட்டும் காலையில் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஒன்பதாவது கடைக்காரர் நேற்று அவராகவே கூப்பிட்டார். 20 மில்லி வந்திருக்கிறதாம், எனக்கென்று எடுத்து வைக்க அவருக்கு அனுமதி இல்லையாம், ஆனால் அவர் எட்டு மணி வரை கடையில் இருப்பாராம். புதுச்சீட்டு அனுப்ப வேண்டிய டாக்டர் அலுவலகத்தை ஐந்து மணிக்கே மூடிவிட்டார்கள்.